விருப்பம் போல ஐம்பது நிமிடம்

மலையில் நடக்கப் போகிறவர்கள் ஆளுக்கு இரண்டு ஜோடி காலுறை கூடுதலாக எடுத்துக்கொள்ள வேண்டும். இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கால் நனைந்து மூன்றாவது கிலோமீட்டர் வந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். எங்கள் பயணத் திட்டத்தின் முதல் பக்கத்து முதல் வரியே காலுறைதான். நீங்கள் கையில் வைத்திருப்பது அந்தத் திட்டத்தின் என் பிரதி. எட்டுப் பக்கம். ஓரத்தில் தேநீர்க் கறை இருந்தால் அது உங்கள் காவல் நிலையத்தில் பட்டது. என்னிடம் இருந்தவரை இல்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் அறிக்கையில் ஒரு சொல் தவறாக இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன். என்னைக் கூப்பிட்டு யாரும் ஆள் அனுப்பவில்லை என்பதை எழுத்தர் குறித்துக்கொள்ளட்டும். அது எந்தச் சொல் என்பதற்குப் பிறகு வருகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும்.

நான் ஒரு கல்லூரியில் தேர்வு அட்டவணை போடுகிறவன். இருபத்துமூன்று வருடமாக. நாலாயிரம் மாணவர்கள், நூற்றுப் பன்னிரண்டு தாள்கள், முப்பத்தொரு அறைகள். ஒரே நேரத்தில் ஒருவனுக்கு இரண்டு தேர்வு வந்ததாகச் சரித்திரம் இல்லை. ஒருவன் மட்டும் தனக்கு அப்படி வந்துவிட்டது என்று புகார் கொடுத்தான். விசாரித்ததில் அவன் எங்கள் கல்லூரி மாணவனே இல்லை என்று தெரிந்தது. அங்கே என் பெயர் பலருக்குத் தெரியாது. அட்டவணை என்றால் தெரியும். "அட்டவணை சாப்பிடப் போயிருக்காரு" என்பார்கள். அப்போது மணி பன்னிரண்டரை என்று மற்றவர்கள் புரிந்துகொள்வார்கள்.

எங்கள் குடும்பத்தில் வருடத்துக்கு ஒரு பயணம் உண்டு. ஐந்து பேர் போவோம். நான், என் மனைவி, அவளுடைய ஒரே தங்கை, தங்கையின் கணவராகிய என் சகலை, பெண்கள் இருவரையும் பெற்ற என் மாமனார். மாமனார் முப்பத்தைந்து வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவர். சகலை ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். நடத்தினார்.

திட்டம் என்னுடையது, வண்டி சகலையுடையது. இந்தப் பங்கீட்டில்தான் எல்லாம் தொடங்கியது என்று நினைக்கிறேன். முதல் வருடமே, நான் வலப்பக்கம் என்று எழுதியிருந்த இடத்தில் அவர் இடப்பக்கம் திருப்பினார். ஏன் என்று கேட்டேன்.

"நாள் முழுக்க ஊர்ல இருக்கவனுக்கெல்லாம் நேராப் போ, கோட்டைத் தாண்டாதன்னு சொல்லிச் சொல்லி நேர் ரோட்டைப் பார்த்தாலே கொட்டாவி வருது சகலை. லீவுலயாவது திரும்பிக்கிறேனே."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த இடப்பக்கத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் சூரியகாந்தி பூத்திருந்தது. நான் எழுதியிருந்த வலப்பக்கத்தில் ஓர் அருங்காட்சியகம். அதற்கு அன்று விடுமுறை என்று பிறகு தெரிந்தது. நான் எதையும் மறைக்கிறவன் இல்லை.

மாமனார் வீட்டுக் கூடத்தில் பதினொரு படங்கள் மாட்டியிருக்கின்றன, வருடத்துக்கு ஒன்றாக. சூரியகாந்தித் தோட்டம். பாலம் இல்லாத ஓர் ஆறு. முன்பின் தெரியாத யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணம். பழுதாகி நின்ற வண்டியின் தலைமேல் உட்கார்ந்து தர்பூசணி தின்பது. பதினொன்றும் சகலை திருப்பிய இடங்கள். என் திட்டத்தில் இருந்த ஓர் இடம்கூடச் சுவரேறவில்லை. அந்தப் பதினொன்றிலும் நானும் இல்லை. வண்டியருகே நின்று கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "படம் எடுத்ததே இவர்தான், அதான் இவர் இல்லை" என்று என் மனைவி சமாளிப்பாள். அது உண்மையில்லை. எடுத்தவர் சகலை. கையை நீட்டி, தன்னையும் சேர்த்து எடுப்பார்.

இதற்கெல்லாம் கோபப்படுவார்களா என்று கேட்பீர்கள். நான் கோபப்படவில்லை. குறித்துக்கொண்டேன்.

பன்னிரண்டாவது பயணம் மலைப்பூங்கா என்று முடிவானது. ஐந்து நாள். மலையைச் சுற்றி ஏறும் சாலையில் நிதானமாக ஓட்டிப் போய், அங்கங்கே இறங்கி நடப்பது. மாமனாரின் முழங்காலுக்கு மருத்துவர் இன்னும் ஒரு வருடம்தான் தவணை கொடுத்திருந்தார். அதன் பிறகு மேடேற முடியாது. அவர் என் தோளைத் தட்டி, "இதுதான் எனக்குக் கடைசி மலை. இந்த ஒரு தடவையாவது பெரிய மாப்பிள்ளை போட்ட பிளான்படியே போயிடுவோம்பா. அவரும் பாவம், பன்னிரண்டு வருஷமா அச்சடிக்கிறாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சகலை ஓட்டுநர் பள்ளியில் மாணவர்கள் செய்வதுபோல் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, "சத்தியமா நேராப் போறேன் மாமா" என்றார். அவர்களுக்கு அது விளையாட்டு. எனக்கு அப்படி இல்லை.

மூன்று மாதம் வேலை செய்தேன். எந்தக் காட்சிமுனையில் எத்தனை மணிக்கு மூடுபனி விலகும், எந்த வளைவுக்குப் பிறகு மச்சினிக்கு வாந்தி வரும், எந்த இடத்தில் கழிவறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, எல்லாம் எழுதினேன். பூங்கா அலுவலக எழுத்தரோடு ஏழு முறை தொலைபேசியில் பேசினேன். ஏழாவது முறை நான் வாய் திறக்குமுன்பே அவர், "அட்டவணை சாரா?" என்றார். நானாக அந்தப் பெயரைச் சொன்னதில்லை. எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை புரியவில்லை.

அந்த ஏழாவது பேச்சில்தான் அவர் சொன்னார்.

"ஏழாம் நம்பர் பாதை மட்டும் வேணாம் சார். போன மாச மழையில மேல ஒரு இடத்துல ஓரம் மொத்தமாப் போயிடுச்சு. பார்த்தாத் தெரியாது, புல்லு மூடிக்கிட்டு நல்லா இருக்க மாதிரியே இருக்கு. இப்போதைக்குக் கயிறு கட்டியிருக்கோம். போர்டு எழுதக் கொடுத்திருக்கு."

போர்டு எப்போது வரும் என்று கேட்டேன். "வர்றப்ப வரும் சார்" என்றார். என் தேதியைச் சொல்லி, அதற்குள் வருமா என்று கேட்டேன். வாய்ப்பில்லை என்றார். நன்றி சொல்லி வைத்துவிட்டு, நான்காம் நாளுக்கான பக்கத்தைத் தட்டச்சு செய்தேன்.

ஆறாம் பக்கத்தைப் பாருங்கள். பிற்பகல் ஒன்று இருபதுக்கு ஆறாம் எண் பாதையில் ஏரிக்கு நடை. மூன்று பத்துக்குப் பாதைகள் பிரியும் இடத்துக்குத் திரும்புதல். மூன்று பத்திலிருந்து நான்கு மணி வரை: விருப்பம் போல. அதன் கீழே சிவப்பில் ஒரு குறிப்பு: "இடப்பக்கம் போகும் ஏழாம் எண் பாதையில் பார்க்க ஒன்றுமில்லை. யாரும் போக வேண்டாம்." நான்கு பத்துக்குப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் புறப்பாடு.

ஓரம் இடிந்திருக்கிறது என்று ஏன் எழுதவில்லை என்று உங்கள் முகம் கேட்கிறது. குறிப்பு என்றால் சுருக்கமாக இருக்க வேண்டும். தேர்வு அட்டவணையில் "பதினான்காம் அறையில் கூரை ஒழுகும்" என்று எழுத மாட்டோம். "பதினான்காம் அறை பயன்பாட்டில் இல்லை" என்போம். கீழ்ப்படிகிறவனுக்கு அது போதும். நான் போக வேண்டாம் என்றுதான் எழுதினேன், சிவப்பில் எழுதினேன். இதைவிட ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்கு என்ன செய்ய முடியும்?

பயணத்துக்கு மூன்று வாரம் முன்பே ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுத்தேன். கூடவே ஆளுக்கொரு விசில். ஆபத்து என்றால் மூன்று முறை ஊத வேண்டும் என்று இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது.

முதல் நாளே மலையடிவாரத் தேநீர்க் கடையில் சகலை மூன்று முறை ஊதினார். நான் தேநீரைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன்.

"ஆபத்துன்னா ஊதச் சொன்னீங்களே சகலை. இந்த டீயில சர்க்கரையே இல்லை. இது ஆபத்தில்லையா?"

அதன் பிறகு வளைவுக்கு வளைவு ஊதினார். குரங்கைக் கண்டால் மூன்று முறை, குரங்கு இல்லாவிட்டால் மூன்று முறை. இரண்டாம் நாள் மாலைக்குள் யாரும் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். ஐயா, விசில் விஷயத்தை நான் திட்டமிடவில்லை. அது அவராகச் செய்துகொண்டது. நான் செய்ததையும் செய்யாததையும் ஒன்றாகக் கலந்து எழுதக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பதிவேட்டைப் பற்றி உங்களுக்குத் தெரியும். நடைபாதைகள் தொடங்கும் இடத்தில் வனக்காவலரின் சிறு அறை. வாசலில் ஒரு மேசை, அதன்மேல் பதிவேடு, நூலில் கட்டிய பேனா. உள்ளே போகும்போது பெயர் எழுத வேண்டும், திரும்பியதும் பெயருக்கு நேராக மணி எழுத வேண்டும். ஐந்தரைக்குக் காவலர் பக்கத்தைப் பார்ப்பார். எந்தப் பெயருக்கு நேராகக் கட்டம் காலியாக இருக்கிறதோ அந்த ஆளைத் தேடிக்கொண்டு ஜீப்பில் போவார். இந்த முறையை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

இரண்டாம் நாளே அதன் அருமையைப் பார்த்தோம். சகலை ஏதோ ஒரு பறவையின் பின்னால் போய்க் காணாமல் போனார். முதன்மை வாயில் ஐந்து மணிக்கு மூடிவிடும் என்பதால் நாங்கள் விடுதிக்குத் திரும்பிவிட்டோம். ஆறரைக்கு அவர் காவலரின் ஜீப்பில், மந்திரி மாதிரி நின்றுகொண்டு, இருபுறமும் கையசைத்தபடி வந்து இறங்கினார். காவலர், "பேருக்கு நேரா மணி எழுதாம இருந்துச்சு சார், அதான் உள்ள போய்ப் பார்த்தேன்" என்றார். மச்சினிக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. மாமனார் என் கையில் கைபேசியைத் திணித்து, "எடுங்க மாப்பிள்ளை, எடுங்க" என்றார். எடுத்தேன்.

மூன்றாம் நாள் மழை. யாரும் எங்கும் போகவில்லை.

நான்காம் நாள் காலையில் வண்டியில்தான் அந்தப் பக்கத்தை முதன்முதலாகப் படித்தார்கள். அன்றன்றைக்கு அன்றைய பக்கம்தான் படிப்பார்கள், அதுவும் கேலி செய்வதற்காக. மச்சினி சத்தமாகப் படித்து, "அக்கா, இங்க பாரு, விருப்பம் போலன்னு போட்டிருக்கு. அத்தானுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள்.

"ஷ், பேசாதீங்க. ஐம்பது நிமிஷம் ஜாமீன் கிடைச்சிருக்கு, ரத்து பண்ணிடப் போறாரு" என்றார் சகலை. பிறகு சிவப்புக் குறிப்பை எட்டிப் பார்த்தார். "ஏழாம் நம்பர்ல ஒண்ணுமில்லையாம். மாமா, இவரு ஒண்ணுமில்லைன்னு எழுதினா அங்க பெரிசா என்னமோ இருக்குன்னு அர்த்தம்."

பதினொரு வருடச் சான்று அவர் பக்கம் இருந்தது. நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஏரி நான் எழுதியிருந்தபடியே இருந்தது. மாமனார் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு, "நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்றார். பன்னிரண்டு வருடத்தில் அவர் அப்படிச் சொன்னது அது ஒரு முறைதான். அங்கேயே எல்லாம் முடிந்திருக்கலாம் என்று என் மனைவி இப்போது சொல்கிறாள். அவளுக்குத் தெரிந்த அளவில் சொல்கிறாள்.

திரும்பும்போது நான் எப்போதும்போல் பத்து நிமிடம் முன்னால் நடந்தேன். ஏழாம் பாதை தொடங்கும் இடத்தில், பூங்கா எழுத்தர் சொன்ன கயிறு ஒரு பக்கம் அவிழ்ந்து, பாதையின் குறுக்கே தரையில் கிடந்தது. மாமனாரின் காலில் மாட்டினால் விழுந்துவிடுவார். சுருட்டி ஒரு மரத்தின் பின்புறம் மாட்டினேன். ஒழுங்கில்லாமல் கிடக்கும் எதையும் என்னால் அப்படியே விட முடியாது. மறு முனையும் அவிழ்ந்திருந்ததா என்று கேட்டால், இல்லை. அதை நான் அவிழ்த்தேன்.

மூன்று பத்துக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். மூன்று பதினைந்துக்குச் சகலை எழுந்து, என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, இடப்பக்கம் போனார். மச்சினி கொஞ்ச தூரம் கூடவே போய், செருப்பு கடிக்கிறது என்று திரும்பிவிட்டாள். அவள் திரும்பியது எனக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

மூன்று ஐம்பதுக்கு விசில் கேட்டது. மூன்று முறை. கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று முறை.

"ஆரம்பிச்சிட்டான்யா நம்மாளு" என்றார் மாமனார்.

"யாரும் எழுந்திரிக்காதீங்க. போனா, மரத்து மேல உட்கார்ந்து பல்லைக் காட்டுவாரு" என்றாள் மச்சினி. என் மனைவி மட்டும், "ரொம்ப நேரமா ஊதுறாரேங்க" என்றாள். அவரே வருவார் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொன்னவர் மாமனார். நான் மணியைப் பார்த்தேன்.

நான்கு மணிக்கும் அவர் வரவில்லை. முதன்மை வாயிலுக்கு நாற்பது நிமிடம் ஓட்ட வேண்டும். "கிளம்புங்க, மந்திரி ஜீப்புல வந்துக்குவாரு. ஒரு தடவை அவருக்கும் புத்தி வரட்டும்" என்றாள் மச்சினி. மாற்றுச் சாவி அவள் பையில் இருந்தது. அவர்கள் வண்டிக்கு நடந்தார்கள். நான் மேசைக்குப் போனேன். காவலர் உள்ளே முதுகு காட்டி நின்று தேநீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

ஐந்து பெயர்கள். ஐந்துக்கும் நேராக நான்கு பத்து என்று எழுதினேன்.

வண்டியில் ஏறியதும் என் மனைவி, "பதிவேட்டுல எழுதிட்டீங்களாங்க?" என்று கேட்டாள். எழுதிவிட்டேன் என்றேன். தேர்வு அறையில் எந்த இருக்கைக்கு எதிரிலும் காலிக் கட்டம் விடக் கூடாது. வந்தான் அல்லது வரவில்லை, இரண்டில் ஒன்று இருக்க வேண்டும். அது கையோடு ஊறிப்போன பழக்கம். அன்று முதல் முறையாக நான் எழுதியபடி வண்டி நான்கு பத்துக்குப் புறப்பட்டது.

பிறகு நடந்தது உங்கள் கோப்பில் சரியாகவே இருக்கிறது. ஜீப் வரவில்லை. தொலைபேசியில் கேட்டதற்கு, ஐந்து பேரும் திரும்பிவிட்டதாகப் பதிவேட்டில் இருக்கிறது என்றார்கள். அப்படியானால் வெளியேதான் இருப்பார் என்று பேருந்து நிலையத்திலும் மதுக்கடைகளிலும் தேடினார்கள். அவரை அறிந்த யாருக்கும் அது நடக்காத காரியமாகத் தெரியவில்லை. அவர் பின்னால் வருவதைப் பார்த்த மாதிரி இருந்தது என்று என் மனைவியிடம் சொன்னேன். அது பொய். மொத்த விஷயத்திலும் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

மறுநாள் பதினொரு மணிக்குக் கண்டெடுத்தார்கள். முப்பதடிக்குக் கீழே, தொடை எலும்பு முறிந்து, விசில் பல்லிடுக்கில். விழுந்ததில் சாகவில்லை, குளிரில்தான் போயிருக்கிறார், விடியும்வரை உயிர் இருந்திருக்கும் என்றார் மருத்துவர். அவர் அந்த நேரத்தை அவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது.

எட்டு மாதம் ஆகிறது. மச்சினி வீட்டில் குக்கர் வைப்பதில்லை, அந்தச் சத்தம் ஆகாது. "நான்தானே விட்டுட்டு வரச் சொன்னேன்" என்கிறாள். "நான்தானே அவனே வருவான்னு சொன்னேன்" என்கிறார் மாமனார். ஆளுக்கு ஆள் பழியைப் பிய்த்துப் பிய்த்துத் தின்கிறார்கள். நான் அவர்களைத் திருத்தவில்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. கூடத்துச் சுவரில் பன்னிரண்டாவது படம் ஏறிவிட்டது: ஜீப்பில் நின்று கையசைக்கும் சகலை. நான் எடுத்த படம். அந்தச் சுவரில் என் பங்கு அது ஒன்றுதான், அதுவும் திட்டத்தில் இல்லாத நிகழ்ச்சி.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன். போன வாரம் உங்கள் அறிக்கையின் நகல் வீட்டுக்கு வந்தது. "மூத்த மருமகன் கவனக்குறைவாக ஐந்து பெயர்களுக்கும் நேரம் குறித்துவிட்டதால்" என்று இருந்தது. மூன்று முறை படித்தேன். கல்லூரிக்கும் விஷயம் போய்விட்டது. முதல்வர் கூப்பிட்டு, "மனுஷன்னா ஒரு தப்பு வரத்தான் செய்யும், மனசுல வச்சுக்காதீங்க அட்டவணை" என்றார். இந்தப் பருவத்திலிருந்து என் அட்டவணையைச் சரிபார்க்க ஒரு விரிவுரையாளரை அமர்த்தியிருக்கிறார்கள். வேலைக்கு வந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. பென்சிலால் டிக் போடுகிறார்.

கவனக்குறைவு என்பதை அடித்துவிடுங்கள். இருபத்துமூன்று வருடத்தில் எனக்கு அது வந்ததில்லை.

நம்பாவிட்டால் எட்டாம் பக்கத்தை எடுங்கள். ஐந்தாம் நாள். பன்னிரண்டரைக்கு மதிய உணவு, மலையின் மறுபக்கம், ஆற்றங்கரை உணவகம், சன்னலோர மேசை. முன்பதிவு செய்த தேதி அடியில் இருக்கிறது, புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பு. எத்தனை பேருக்கு என்று படியுங்கள். நான்கு. மேலே, வண்டி ஓட்டுபவர் என்ற இடத்தில் யார் என்று படியுங்கள். நான். அச்சுப் பிழை என்று எழுதிவிடாதீர்கள். இதே பக்கம் மூன்று வாரம் ஐந்து பேர் கையிலும் இருந்தது. முப்பத்தைந்து வருடம் ஊரார் பிழையெல்லாம் பொறுக்கிய மாமனார் கையில் இருந்தது. சகலை கையிலும் இருந்தது. ஒருவராவது கடைசிவரை படித்திருந்தால் என்னைக் கேட்டிருப்பார்கள். கேட்டிருந்தால் நான் மாற்றியிருப்பேன். பன்னிரண்டு வருடத்தில் ஒருவரும் படிக்கவில்லை.

கொல்ல முடிவு செய்தாயா என்று கேட்காதீர்கள். நான் முடிவெல்லாம் செய்யவில்லை. அட்டவணைதான் போட்டேன்.

அந்த மேசையில் யாரும் உட்காரவில்லை. பன்னிரண்டரைக்கு நாங்கள் பிணவறை வாசலில் நின்றுகொண்டிருந்தோம். ஒரே ஒரு நாளாவது நான் எழுதியபடி முழுதாக நடக்கும் என்று இருந்தேன், ஐயா. ஐந்தாம் நாளையும் அவர்தான் கெடுத்தார்.